துப்பாக்கியும் பாடபேதமும்

நம்முடைய விமர்சகர்கள் சமீப காலமாக ஒரு வார்த்தையை அதிகமாகக் கையாளுகிறார்கள். 'நம்பகத்தன்மை' என்பது அந்த வார்த்தை. ஒரு நாவலில் அது இருக்கிறது என்றால் பாராட்டு; இல்லை என்றால் கண்டனம். இரண்டிலும் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. எந்த உறுப்பைத் தொட்டுப் பார்த்து, எந்த அடையாளத்தைக் கொண்டு அப்படித் தீர்மானித்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. 'படித்தால் தெரிகிறதே' என்கிறார்கள். படித்தால் தெரியும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாமல் போகிறது. அப்போது யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை கிடைத்த இடம் இலக்கியக் கூட்டம் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சியில், பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்றின் முன்னால் நின்றபோது கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு இலக்கியத்துக்கு வருகிறேன்.

சாத்தூருக்கு அப்பால் இருக்கும் அச்சங்குளம் என் தாயாருக்குப் பிறந்த ஊர். மானாவாரிக் கரிசல், மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் பட்டாசு ஆலை. மழை பெய்தாலும் இப்போது பட்டாசு ஆலைதான். அந்த ஊரில் என் தாயாருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஹவில்தார்'. எனக்கு ஹவில்தார் மாமா. பட்டாளத்தில் அவர் சுட்டதைவிடப் பிறர் சுடுவதற்காகத் துப்பாக்கியைப் பழுது பார்த்ததுதான் அதிகம். 'ஆர்மரர்' என்று அந்த வேலைக்குப் பெயர். 1965-லும் 1971-லும் யுத்தம் நடந்தபோது அவர் முன்னணிக்குப் பின்னால் ஒரு பட்டறை லாரியில் அரமும் அளவுகோலுமாக உட்கார்ந்திருந்தவர். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இராது. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பொழுது விடிந்துவிடும்.

ஒரு சுதந்திர தினத்தன்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்திருந்தார்கள். பழைய நாணயங்கள், தபால் தலைகள், மரக்கால், உழக்கு இவற்றுக்கு நடுவே ஒரு மேஜையில் துப்பாக்கி ஒன்று கிடந்தது. தேசிய மாணவர் படைக்காரர்கள் கொண்டு வந்தது. குழலில் துளை போட்டு, சுட முடியாதபடி செய்துவிட்ட பயிற்சித் துப்பாக்கி. காவலுக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அதன் பக்கத்தில் அட்டை ஒன்றில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'முதல் உலக மகா யுத்தத்தில் நமது வட்டாரத்து வீரர்கள் ஏந்திப் போரிட்ட துப்பாக்கி.'

அட்டையைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். காரணம் உண்டு. 1915-ல் மெசபொடேமியாவுக்குப் போன ஒரு சிப்பாயைப் பற்றி அதற்கு முந்திய வருஷம்தான் கதை எழுதியிருந்தேன். 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்' என்று பொறித்த கல் நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் சுவரில் பதித்திருக்கிறது. அப்படி ஒரு கல்லிலிருந்து பிறந்த கதை அது. அதில் என் சிப்பாய் தூக்கிய துப்பாக்கி இதோ மேஜையில் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மாமா அட்டையைப் படிக்கவில்லை. காவலுக்கு நின்றவரிடம் இரண்டு வார்த்தை இந்தியில் பேசினார். அந்த மனிதர் விறைப்பாக நின்று, துப்பாக்கியை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

அடுத்த கால் மணி நேரம் நான் பார்த்தது ஒரு விமர்சனம்.

முதலில் அவர் துப்பாக்கியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்கட்டையும் இரும்பு உடலும் சேர்கிற கழுத்தைத் திருப்பினார். அங்கே ஒரு கிரீடம். அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துக்கள், பிறகு இஷாப்பூர், 1917, அதற்கும் கீழே, ஷார்ட் லீ என்பீல்டு என்பதன் சுருக்கம், மூன்று என்ற ரோமன் எண்.

"ஜார்ஜ் ராஜா, இந்தியாவுக்கும் சக்கரவர்த்தி. அதுக்குத்தான் அந்த ஐ. கல்கத்தா பக்கத்திலே இஷாப்பூர் ஃபாக்டரி. 1904-லே ஆரம்பிச்சது. வருஷம், ராஜா, ரகம் மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடலே. உடம்பு அசல்தான், மருமகனே" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் கதையிலே அந்தப் பையன் இதை என்னன்னு சொல்றான்?" என்று கேட்டார்.

"நம்பர் ஒன் ரைபிள் என்கிறான்" என்றேன்.

"அந்தப் பேரு 1926-லே வச்ச பேரு. உன் ஆளு 1915-லேயே சொல்லிட்டான். பெரிய ஞானிதான்."

நான் பதில் பேசவில்லை. என் கதையைப் பற்றி அதுவரை வந்த மூன்று மதிப்புரைகளும் அதன் 'சரித்திர நம்பகத்தன்மை'யைப் பாராட்டியிருந்தன.

மாமா மேலே போனார். இந்தத் துப்பாக்கியில் ஒரே எண்ணைப் பல இடங்களில் பொறிப்பார்களாம்: உடலில், குழலில், போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்புறத்தில், தூரம் குறிக்கும் தகட்டின் அடியில், முனையிலுள்ள இரும்பு மூடியில், முன்கட்டையின் அடியில். சேகரிக்கிறவர்கள் இந்த எண்கள் எல்லாம் பொருந்தினால் விலை கூட்டிக் கேட்பார்கள். ஆனால் எண் பொறித்தது சேகரிப்பவர்களுக்காக அல்ல. போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துத் தாங்குகிற பாகம். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்கு ஏற்றபடி இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஒரே பட்டறையில் பத்துத் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டுத் துடைக்கும்போது போல்ட் மாறிப்போனால், அளந்து பார்க்காமல் சுடுகிறவனுடைய கன்னத்துக்கு அருகே ஆபத்து. எண், உயிருக்காக ஏற்பட்டது. விலை பிற்காலத்தில் வந்தது.

எங்கள் துப்பாக்கியில் உடலும் தகடும் ஒரே எண். குழலில் இருந்த தேதி இரண்டாம் யுத்த காலத்தது. முனை மூடியில் சம்பந்தமே இல்லாத வேறோர் எண். முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போட்டிருந்தது. கட்டை பிளக்காமலிருக்க இந்தியப் பட்டறைகளில் செய்த ஏற்பாடு அது என்றார். கட்டையே சுதந்திரத்துக்குப் பிந்தியது. போல்ட்டில்தான் விசேஷம் இருந்தது. பழைய எண்ணின் மேல் குறுக்காக ஒரு கோடு வெட்டி, அதன் பக்கத்திலேயே உடலின் எண்ணைப் புதிதாகப் பொறித்திருந்தார்கள்.

"அப்ப இது போலியா மாமா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போலிக்காரன் பழைய எண்ணை ஏன் விட்டுவைக்கிறான்? அரத்தை வச்சு ராவிட்டு, அந்தப் பள்ளத்திலே புது எண்ணை அடிப்பான். விரலை வச்சுத் தடவினா தெரியும். இதைப் பாரு. வேற துப்பாக்கியோட போல்ட், இதுக்குப் போட்டேன், அளந்து பார்த்தேன், சரியா இருக்குன்னு பட்டறைக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கான். பழசை அடிச்சிருக்கானே தவிர அழிக்கலே" என்றார்.

பிறகுதான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையைப் படித்தார். "துப்பாக்கி பொய் சொல்லலே. இந்த அட்டைதான் சொல்லுது. இது அந்தச் சண்டைக்குப் போச்சா, போகலையான்னு எந்த எண்ணும் சொல்லாது. நம்ம ஊர்க்காரன் தூக்கினான்னு எங்கே எழுதியிருக்கு?"

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் எனக்கு இரண்டாவது பாடம் நடந்தது. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி செய்கிறார்கள். சின்னச் சின்னப் பட்டறைகளில், கைக்கருவிகளைக் கொண்டே, எந்தச் சீமைத் துப்பாக்கியையும் பார்த்துப் பார்த்து நகல் செய்துவிடுகிற சூரர்கள். முத்திரையையும் நகல் செய்வார்கள். அதில்தான் அகப்பட்டுக்கொள்வார்கள். என்பீல்டு என்ற இங்கிலீஷ் எழுத்துக்களில் ஓர் எழுத்து வலம் இடமாகத் திரும்பி நிற்கும். விக்டோரியா மகாராணியின் முத்திரை இருக்கும். அதன் கீழே 1901-க்குப் பிந்திய ஒரு வருஷம் இருக்கும். மகாராணி 1901-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி இறந்துபோனாள். செத்துப்போன ராணி துப்பாக்கிக்கு முத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள்!

இன்னொரு வகையும் உண்டு. இதே இஷாப்பூரில் 1960-களில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று செய்த ரைபிள்களை அமெரிக்க வியாபாரிகள் வாங்கி, குழலை வெட்டிக் குட்டையாக்கி, முனையில் புனல் போல ஒன்றை மாட்டி, 'ஏழாம் எண் ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் வைத்து விற்றார்கள். பிரிட்டிஷ் படையில் ஜங்கிள் கார்பைன் என்று வழங்கியது ஐந்தாம் எண், 1944-ல் வந்தது. ஏழாம் எண்ணில் அப்படி ஒன்று அந்தப் படையில் இருந்ததே இல்லை. இங்கே உறுப்புக்கள் பெரும்பாலும் பட்டாளத்தவைதான், நன்றாகவும் சுடும். ஆனால் முழுமையாக அது காட்டுகிற துப்பாக்கி எந்தக் காட்டிலும் நடக்கவில்லை.

ஆக மூன்று வகை ஏற்படுகிறது. உறுப்புக்கள் பல காலத்தவை, முழுமை உண்மை: அது பள்ளிக்கூடத்துத் துப்பாக்கி. உறுப்புக்கள் எல்லாம் ஒரே கையால் ஒரே நாளில் செய்தவை, எண்களும் பொருந்துகின்றன, ஆனால் பொய்: தர்ராவின் துப்பாக்கி. உறுப்புக்கள் அசல், முழுமை கற்பனை: அமெரிக்க வியாபாரியின் துப்பாக்கி. நம் விமர்சகர்களின் 'நம்பகத்தன்மை' என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன.

இலக்கியத்தில் இந்தச் சோதனையை நாம் அறியாதவர்கள் அல்ல. கம்பராமாயணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அச்சில் உள்ள பாட்டுக்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் கம்பன் பாடாதவை கலந்திருக்கின்றன என்பதில் புலவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தாமே பாடிச் சேர்த்தார் என்று கர்ணபரம்பரைக் கதை ஒன்றும் உண்டு. அதனால் 'வெள்ளி பாடல்கள்' என்றே ஒரு பெயர் ஏற்பட்டிருக்கிறது. எது கம்பன், எது வெள்ளி? இதைத் தீர்க்க நம் தெற்குச் சீமையிலிருந்தே இரண்டு பேர் இரண்டு வழியில் புறப்பட்டார்கள். ஒருவர் டி. கே. சிதம்பரநாத முதலியார். இன்னொருவர் எஸ். வையாபுரிப் பிள்ளை.

டி. கே. சி. காதை நம்பினார். பாட்டை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். பாவமும் தாளமும் ஒன்றிச் சேர்ந்து வந்தால் கம்பன். எங்கேயாவது தட்டினால் கம்பன் அல்ல. ஆயிரக்கணக்கான பாட்டுக்களை இப்படித் தள்ளினார். தள்ளியது போக நின்ற பாட்டுக்களிலும், தட்டுகிற சொல்லை எடுத்துவிட்டு, கம்பன் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டார். அவர் காது சாமானியமான காது அல்ல. கம்பனை ஏட்டிலிருந்தும் பண்டிதர்களிடமிருந்தும் மீட்டுச் சாதாரண வாசகனிடம் கொண்டு வந்து சேர்த்தவர்களில் அவருக்கு மேல் ஒருவரைச் சொல்ல முடியாது. மாமாவுக்கு விரல் எப்படியோ அப்படி அவருக்குக் காது. தடவிய இடத்தில் பள்ளம் தெரிந்துவிடும்.

ஆனால் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது வேறு. அங்கே புது எண் அடிப்பது வேறு. டி. கே. சி. போட்ட சொல் சில இடங்களில் ஏட்டிலுள்ள சொல்லைவிட அழகாக இருக்கலாம். அதுதான் கஷ்டம். அழகாக இருந்துவிட்டால் அது கம்பனுடையது ஆகிவிடுமா? பழைய சொல்லை ராவிவிட்டு, அதே இடத்தில் கம்பன் பெயரால் புதுச் சொல்லைப் பொறித்த பிறகு, அடுத்து வருகிறவனுக்குத் தடவிப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வையாபுரிப் பிள்ளை எண்களை நம்பினார். 1926 முதல் 1936 வரை சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ் லெக்ஸிகனுக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர் அவர். ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எந்த நூலில் முதலில் தலை காட்டியது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஒரு நூலில் பிற்காலத்துச் சொல்லோ இலக்கண வடிவோ அகப்பட்டால், அந்த நூல் அவ்வளவு பழமையானதல்ல என்று தயங்காமல் சொல்லிவிடுவார். செத்துப்போன ராணியின் முத்திரையைக் கண்டுபிடிக்கிற முறை இதுதான். நம்முடைய நூல்களின் வயதைக் குறைக்கிறார் என்று அவரை வசை பாடாதவர்கள் குறைவு. அவர் சொன்ன காலக் கணக்குகளில் பலவற்றைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அவருடைய முறை பிழையாகிவிடாது. ஒரு திருகாணி பிற்காலத்தது என்பதால் உடலும் பிற்காலத்தது என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவுதான் அந்த முறைக்கு உள்ள எல்லை. பல தலைமுறை கைமாறிய ஏட்டில், நடுவே பழுது பார்த்தவனுடைய கட்டையும் சேர்ந்தேதான் வரும்.

இந்த இருவருக்கும் முந்தியவரான உ. வே. சாமிநாதையர் செய்த காரியத்தின் பெருமை எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தபோது, பல ஊர் ஏடுகளை ஒப்பு நோக்கினார். தமக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்ற ஏடுகளில் இருந்த பாடபேதத்தை அடிக்குறிப்பில் கொடுத்தார். 'இந்தப் போல்ட்டை நான் பொருத்தினேன். பழைய எண் இது' என்று கோடு போட்டுக் காட்டுகிற பட்டறைக்காரனுடைய நாணயம் அது. அடித்திருக்கிறார்; அழிக்கவில்லை. ஐயருடைய தீர்ப்பு ஓர் இடத்தில் தவறு என்று இன்றைக்கு ஒருவர் நிரூபிக்க முடிகிறதென்றால், அதற்கு வேண்டிய சாட்சியத்தையும் ஐயரேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய நூல்களுக்கு இவ்வளவு நியாயம் செய்கிற நாம், இன்றைய கதைகளுக்கு என்ன செய்கிறோம்? சரித்திர நாவல்களில் ராணியின் முத்திரையைப் பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. ராஜராஜன் அரண்மனைச் சமையற்கட்டில் மிளகாய் வறுத்தால் தும்முகிறவர்கள் இவர்கள். தும்ம வேண்டியதுதான். விருதுநகர் மண்டியில் இன்று வத்தல் மூட்டை மலைபோல் கிடந்தாலும், அமெரிக்காக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கீசியருக்குப் பிறகுதான் இங்கே வந்தது. ராஜராஜனுக்கு மிளகுதான் கொடுத்து வைத்தது. ஆனால் மிளகாயை எடுத்துவிட்டு மிளகைப் போட்டுவிட்டால் நாவல் உண்மையாகிவிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள். அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை. என் சிப்பாயின் வாயிலிருந்து 'நம்பர் ஒன்'னை எடுத்துவிடுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டேன். கதை அதனால் மேலே போகவும் இல்லை, கீழே போகவும் இல்லை. அது எப்போதும் ஒரு சுமாரான கதை. விவரப் பிழை நீங்கிய சுமாரான கதையாக இப்போது இருக்கிறது.

விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பொய்யாகிப் போன கதையும் என்னிடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது யோக்கியமாகாது.

2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்தது. இருபது பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு சில மாதம் கழித்து நான் ஒரு கதை எழுதினேன். அந்த விபத்தைப் பற்றியது என்று சொல்ல முடியாது; அப்படி ஒரு விபத்தை நோக்கிப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. எழுதுவதற்கு முன்னால் சிரத்தையாக விவரம் சேகரித்தேன். மருந்து அலசுவது எப்படி, திரி வெட்டுவது எப்படி, சரம் பின்னுவது எப்படி, எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எந்தத் துணி உடுத்தக் கூடாது, உராய்வு எங்கே ஏற்படும், உள்குத்தகை என்றால் என்ன, எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள் என்று எந்தப் பெயரிலும் பிழை இல்லை. கதையைப் பலரும் பாராட்டினார்கள். ஒரு விமர்சகர், அந்த மண்ணின் வாழ்க்கையை உள்ளே இருந்து சொன்ன கதை என்று எழுதினார். அந்தத் துண்டை வெட்டி வைத்திருந்தேன்.

பொருட்காட்சி நடந்த அன்று ராத்திரி மாமா வீட்டில்தான் சாப்பாடு. சரவெடி பின்னுகிற அவர் மருமகள் வேலை முடிந்து வந்து, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அலுமினியத்தூள் நகக்கண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அந்தக் கதை வந்த பத்திரிகையை மாமா அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தார். நான் அதைத் துணிந்து கேட்டேன். கதை எப்படி இருந்தது?

அவள் முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். மாமா அதட்டினார். பிறகு சொன்னாள்:

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணே. ஆனா அந்தப் பிள்ளை வேலையே பார்க்கலையே. பயப்படவே அதுக்கு நேரம் சரியாப் போச்சு."

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பயம் இராதா என்று கேட்டேன்.

"பயம் எங்கே இல்லாமப் போகும்? காலையிலே பஸ் ஏறும்போது ஒரு தடவை வரும். பக்கத்திலே எங்கேயாவது சத்தம் கேட்டா வரும். மத்தபடி எண்ணிக்கைக்குக் கூலி அண்ணே. மத்தியானத்துக்குள்ளே எத்தனை சரம் ஆச்சு, குழுக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்கணும், சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா, இதுக்கே மனசு பத்தாது. உங்க கதையிலே வர்ற பிள்ளைக்குச் சாகப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பயம் என்னுடைய உறுப்பு. விபத்து நடந்த பிறகு, பத்திரிகையில் பெயர்களைப் படித்த ஒருவனுடைய பயம். அதைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் உடலில் பொருத்தி, என் எண்ணை ராவிவிட்டு, அவளுடைய எண்ணை அதன் மேல் அடித்துவிட்டேன். மற்ற உறுப்புக்கள் எல்லாம் அசலாக இருந்தபடியால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விமர்சகர் பொருந்துகிற எண்களைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிட்டார். விரலை வைத்துத் தடவிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இதிலிருந்து நான் ஒரு சித்தாந்தம் கட்டப் பார்க்கவில்லை. அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களைத் தவிர வேறு யாரும் எழுதக் கூடாது என்ற கட்சி எனக்குச் சம்மதமில்லை. அப்படிப் பார்த்தால் மெசபொடேமியாவையும் எழுத முடியாது, அயோத்தியையும் பாடியிருக்க முடியாது. வேற்று உறுப்பு இல்லாத சிருஷ்டி கிடையாது. எழுதுகிறவனுடைய பயமும் ஆசையும் அவன் படைக்கிற பாத்திரங்களுக்குள் போய்ச் சேர்ந்தே தீரும். போல்ட் வேறு துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று மாமா கவலைப்படவில்லை. அளந்து பொருத்தினானா, பழைய எண்ணை மறைத்தானா என்றுதான் பார்த்தார். என் கதையில் அந்தப் பயத்தை ஒளித்து வைக்காமல், அதைப் படுகிறவன் ஒருவனையும் கதைக்குள் கொண்டு வந்திருக்கலாம். ஊருக்கு வெளியே நின்று, புகையைப் பார்த்துவிட்டு, பெயர்ப் பட்டியலைத் தேடுகிறவனாக அவன் இருந்திருப்பான். அவள் பாட்டுக்குச் சரம் பின்னிக்கொண்டிருந்திருப்பாள். அப்படி எழுதியிருந்தால் ஒரு வேளை சரியாக வந்திருக்கும்.

விமர்சகர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதுதான். கதையில் சொல்லும் பொருளும் காலத்தோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் பொருந்துகிறது என்று கண்டால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள். எந்த உணர்ச்சி பாத்திரத்துக்குச் சொந்தம், எது ஆசிரியன் கொண்டுவந்து மாட்டியது, மாட்டியதை அவன் ஒப்புக்கொள்கிறானா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு லெக்ஸிகன் உதவாது, டி. கே. சி.யின் காது வேண்டும். ஆனால் அவரைப் போலத் திருத்தம் மட்டும் செய்ய வேண்டாம். தட்டுகிற இடத்தை அடையாளம் காட்டினால் போதும். மற்றதை எழுதினவன் பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலையில் மாமா பள்ளிக்கூடத்துக்குப் போய், அட்டையை மாற்றும்படி சொன்னார். புது அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று என்னையே ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிப் போயிருந்தார். 'உடல்: இஷாப்பூர், 1917. குழலும் கட்டையும் பிற்காலத்தவை. போல்ட் வேறு துப்பாக்கியினுடையது, பட்டறையில் பொருத்தியது. யார் ஏந்தியது என்பதற்குக் குறிப்பு இல்லை.' தலைமையாசிரியருக்கு அது அவ்வளவாக ருசிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தேசபக்தி வர வேண்டாமா என்று கேட்டார். ஆனால் நல்ல மனிதர், மாற்றிவிட்டார். பழைய அட்டையின் முன்னால் நின்றதைப் போலப் பிள்ளைகள் கும்பலாக நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று பையன்கள் மட்டும் குனிந்து, போல்ட்டில் கோடு போட்ட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பட்டாசு ஆலைக் கதையை என் கதைத் தொகுதியில் நான் சேர்க்கவில்லை. பயத்தை நீக்கிவிட்டுத் திருப்பி எழுதிப் பார்த்தேன். நீக்கின பிறகு அங்கே நான் குறித்து வைத்த விவரங்கள்தான் மிஞ்சின. அந்தப் பெண்ணைக் காணவில்லை. அவள் எப்போது வந்து சேருகிறாளோ அப்போது எழுதலாம் என்று குறிப்பு நோட்டை மூடி வைத்திருக்கிறேன்.